கப்பலைப் பார்த்திருக்கும் கடை

தண்டவாளத்தால் பிழைக்கும் நாம், தண்டவாளமே இல்லாத ஒரு நாட்டுக்குச் சென்று பதினொரு நாள் தங்கி வந்தோம். கரக்பூர் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் மூட்டைக்கு எடை பார்த்துச் சீட்டு எழுதுவது நமது பணி. மிளகாய் மூட்டையும் புளி மூட்டையும் நாள்தோறும் நம் கண்முன்னே வண்டி ஏறுகின்றன. ஏறிய பின் அவை யார் வாசலில் இறங்குகின்றன, யார் அடுப்பில் வேகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. மூட்டையின் மறுமுனையைக் காணும் வாய்ப்பு சென்ற மாசி மாதத்தில் நமக்குக் கிட்டியது. அதனைச் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் தந்தையாரும் அவருடைய தம்பியும் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர்கள். இருவரும் மளிகைத் தொழிலையே கற்றவர்கள். தந்தையார் ஊரிலேயே கடை வைத்தார். சிற்றப்பா 1974-ஆம் ஆண்டு, தமது பதினேழாம் வயதில், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தமானுக்குப் போனார். போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில், தமிழர் ஒருவர் கடையில் பொட்டலம் மடிக்கும் பையனாக எட்டாண்டு இருந்தார். பின்னர் 1982-இல் சின்ன அந்தமான் தீவின் ஹட் பே என்னும் ஊரில் சொந்தமாகக் கடை திறந்தார். கடிதத்தாலும் பின்னர்த் தொலைபேசியாலும் அவரை அறிந்திருந்தோமே அன்றி, அவர் கடை வாசலை நாம் மிதித்ததில்லை. "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போய்யா, உன்கிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்று அவர் அழைத்ததன் பேரில் புறப்பட்டோம்.

கொல்கத்தாவிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் நம்மைப் போர்ட் பிளேரில் இறக்கிவிட்டது. 2024 செப்டம்பரில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயர் மாற்றியிருக்கிறது. நம்மோடு பேசியவர்கள் வாயில் பழைய பெயரே வந்தது. 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. 1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையைக் காணவே பயணிகள் பலர் வருகிறார்கள். நாமும் கண்டு தலைவணங்கினோம். ஆயினும் நம் மனத்தை நிறைத்தது, அபர்தீன் கடைத்தெருவில் நடந்தபோது காதில் விழுந்த நெல்லைத் தமிழும் இராமநாதபுரத்துத் தமிழுமே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர். அந்தமான் தமிழர் சங்கம் இருக்கிறது. வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள்.

தமிழருக்கு இக்கடல் புதிதன்று. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-இல் கிழக்கே சென்ற செய்தியைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில், நிக்கோபார்த் தீவுகள் 'மாநக்கவாரம்' என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. அத்தீவு மக்கள் தேங்காயையே காசாகக் கொண்டு, வரும் மரக்கலங்களிடம் அரிசியும் துணியும் மாற்றி வாங்கினார்கள். ஆக, இங்கே மளிகை என்பது தொன்றுதொட்டுக் கப்பலோடு பிறந்த தொழில். கப்பல் நின்றால் என்ன ஆகும் என்பதையும் இத்தீவுகள் அறியும். 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், வெளியிலிருந்து உணவு வருவது அற்றுப்போய், மக்கள் பசியால் பட்ட பாடு பெரிது.

மறுநாள் காலை ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் தீவுக் கப்பல் ஏறினோம். ஏழு மணி நேரம் அலையோடு ஆடிய பின் சின்ன அந்தமானின் கரும்பச்சைக் கரை தோன்றிற்று. துறையில் மீன் கூடைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே வெள்ளை வேட்டியும் முழங்கை மடித்த சட்டையுமாகச் சிற்றப்பா நின்றார்.

"வாய்யா, வா! தண்டவாளம் இல்லாத ஊருக்கும் வழி தெரிஞ்சுட்டுதா?"

"தெரிஞ்சுட்டுது, சித்தப்பா. ஆனா வண்டியை விடக் கப்பல்தான் அதிகமா ஆட்டுது" என்றோம்.

இத்தீவு முற்காலத்தில் ஓங்கி என்னும் தொல்குடியினரின் வேட்டைக்காடு. அவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் நூற்றுச் சொச்சம் பேரே. 1960-களின் பிற்பகுதி தொடங்கி கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களை அரசு இங்கே குடியேற்றியது. அடுத்து, கார் நிக்கோபாரிலிருந்து நிக்கோபாரியர் சிலர் வந்து ஹர்மிந்தர் பே என்னுமிடத்தில் ஊர் அமைத்தனர். தோட்ட வேலைக்கும் மீன்பிடிக்கும் வணிகத்துக்கும் தமிழரும் தெலுங்கரும் வந்து சேர்ந்தனர். காடு திருத்தி ஒரே நெடுஞ்சாலை போட்டு, அதன் இருமருங்கும் குடிகளை வைத்தபடியால், ஊர்ப்பெயரைச் சொல்லாமல் துறையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்வதே இங்கு வழக்கமாக இருக்கிறது. 'பதினாறாம் கிலோமீட்டர் அத்தை', 'பதினொன்றாம் கிலோமீட்டர் மாஸ்டர்' என்று சிற்றப்பா தம் வாடிக்கையாளரைக் குறிப்பிடக் கேட்டு, நிலையங்களை இத்தனையாவது மைல் என்று எண்ணிப் பழகிய நமக்கு நம் வீட்டுக்கே வந்தது போலிருந்தது.

கடை பெரிதன்று. முன்னால் கல்லாப்பெட்டி, பக்கத்தில் தராசு, பின்னால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்து அதன்மேல் மூட்டைகள். ஏன் இத்தனை உயரம் என்று கேட்டோம். "இங்க மழை மேலேயிருந்து மட்டும் வராதுய்யா, தரையிலேர்ந்தும் வரும்" என்றார். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நாடு இது. நம் கோவில்பட்டிக் கரிசல் நான்காண்டு கூடிக் காணும் மழையை இம்மண் ஓராண்டில் காண்கிறது. வைகாசியில் தொடங்கினால் கார்த்திகை வரை ஓயாது. உப்புக் கசியும், வெல்லம் இளகும், வற்றல் பூஞ்சணம் பூக்கும், பருப்பில் வண்டு விழும். ஆகையால் காலையில் வெயில் முகம் காட்டினால் போதும், சிற்றம்மை வற்றலையும் மல்லியையும் பாயில் பரப்பிவிடுவார். வெங்காய மூட்டை வந்தவுடன் அதைக் கொட்டி, நாள்தோறும் ஒவ்வொன்றாகப் புரட்டி, அழுகியதை நீக்கவேண்டும். ஓர் அழுகல் ஒரு மூட்டையைக் கெடுக்கும். லாபம் என்பது விற்பதில் இல்லை, கெடாமல் காப்பதில் இருக்கிறது என்பதை அங்கேதான் கண்டோம்.

சரக்கு வரும் வழியையும் விசாரித்தோம். பருப்பும் புளியும் எண்ணெயும் சென்னையில் சரக்குக் கப்பலில் ஏறி, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் இறங்குகின்றன. அங்கே மொத்த வணிகர் கிடங்கில் தங்கி, மறுபடி படகேறி ஹட் பே வருகின்றன. ஏற்றும் கூலி, இறக்கும் கூலி, மீண்டும் ஏற்றும் கூலி என்று ஒவ்வொரு துறையிலும் மூட்டைமேல் காசு ஏறுகிறது; ஒவ்வொரு துறையிலும் மூட்டையிலிருந்து சரக்குச் சிந்துகிறது. புயல் அறிவிப்பு வந்தால் கப்பல் நிற்கும். ஆகவே இருபது நாளுக்கு அரிசியும் ஒரு மாதத்துக்குப் பருப்பும் கையிருப்பு இல்லாமல் சிற்றப்பா உறங்குவதில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியே கம்பி இழுத்து இத்தீவுக்கும் இணைப்புத் தந்துவிட்டார்கள். சென்னையில் இன்றைய வெங்காய விலை இன்றே இங்கே தெரிகிறது. "விலை கம்பியிலே வந்துடுது, வெங்காயம் இன்னும் கப்பல்லதான் வருது" என்று சிரித்தார் சிற்றப்பா.

கப்பல் தாமதமாகும் நாள்களே மளிகைக்காரரின் தேர்வு நாள்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்ததை இருமடங்கு விலைக்கு விற்றிருக்கலாம். வாங்க ஆளும் இருந்தது. சிற்றப்பா பழைய விலையே வைத்து, வீட்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு இல்லை என்று வரம்பு கட்டினார். பணமுள்ளவர் சிலர் முகம் சுளித்தார்களாம். "அவங்க கோபம் ஒரு மாசம். இல்லாதவன் வெறுங்கையோட திரும்பிப் போனா அது ஆயுசுக்கும் மறக்காது" என்றார்.

கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தோம். வங்கத்து மூதாட்டிக்குக் கடுகெண்ணெயும் மசூர் பருப்பும். தெலுங்கு மீனவருக்குக் காரமான வற்றல். நம்மவருக்கு இட்லி அரிசியும் நல்லெண்ணெயும். யார் வந்தாலும் அவரவர் மொழியில் இரண்டு சொல், மற்றதெல்லாம் தீவுக்குரிய இந்துஸ்தானி. ஹர்மிந்தர் பேயிலிருந்து நிக்கோபாரியப் பெரியவர் ஒருவர் தேங்காய் கொண்டுவந்தார். அவர்கள் முறைப்படி இணை இணையாக அவர் எடுத்து வைக்க, சிற்றப்பா நம் முறைப்படி முதல் இணைக்கு 'லாபம்' என்று சொல்லித் தொடங்கினார். இரண்டு கணக்கும் முடிவில் ஒன்றாகவே நின்றன. காசு கை மாறியது குறைவு. பெரும்பாலும் நோட்டில் எழுதப்பட்டது. பாக்கு அறுவடை முடிந்து பணம் வரும்போது கழிப்பார்கள்.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு மாடத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, துருவேறிய இரும்பு எடைக்கற்கள் மூன்று இருந்தன. ஐந்து கிலோ, இரண்டு கிலோ, ஒரு கிலோ. அவற்றின் கதையைக் கேட்டோம். சிற்றப்பா வாடிக்கையாளருக்குப் பொட்டலம் கட்டிக்கொடுத்துவிட்டு வந்து, மெல்லச் சொன்னார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. கடை அப்போது கடலுக்கு அருகே பழைய கடைத்தெருவில் இருந்தது. காலை ஆறரை மணிக்கு முன்பே, கடை திறந்த சிறிது நேரத்தில், நிலம் நடுங்கிற்று. டப்பாக்கள் உருண்டன, மூட்டைகள் சரிந்தன. வெளியே ஓடிவந்து நின்றவர்கள், கடல் உள்வாங்குவதைக் கண்டார்கள். யாரோ கூவினார்கள். சிற்றம்மை இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஓடினார். சிற்றப்பா இரண்டடி ஓடி, நின்று, கடையைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் பற்று நோட்டு இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்கு அதில் இருந்தது. சிற்றம்மை திரும்பிவந்து பிள்ளையை அவர் தோளில் போட்டு, "நோட்டா, பிள்ளையா?" என்று கேட்டாராம். அதற்குமேல் அவர் நிற்கவில்லை.

அலை வந்து போன பின் கடைத்தெருவே இல்லை. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரும் உடைந்தது. ஓங்கிகள் நில நடுக்கத்தை உணர்ந்ததுமே காட்டுக்குள் மேட்டில் ஏறித் தப்பிவிட்டார்கள். நிக்கோபார்த் தீவுகளிலோ மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கச்சால் தீவின் துயரம் சொல்லுந்தரமன்று. நான்காம் நாள் சிற்றப்பா கடை இருந்த இடத்துக்குப் போனார். சுவர் இல்லை, கூரை இல்லை, பெட்டி இல்லை. சேற்றுக்குள் அந்த மூன்று கற்கள் மட்டும், வைத்த இடத்திலிருந்து ஓரடி நகராமல் கிடந்தன.

பிறகு தகரக் கொட்டகை வாழ்வு. அரசு அரிசி இலவசமாக வந்தது. "நல்லதுதான். ஆனா ஊருக்கே அரிசி சும்மா கிடைக்கிறப்ப மளிகைக்காரனுக்கு என்ன வேலை?" என்று அந்நாளை நினைவுகூர்ந்தார். நோட்டுக் கடலோடு போயிற்று. அவர் யாரிடமும் கேட்கவில்லை. எல்லாம் இழந்தவரிடம் எதைக் கேட்பது? ஆறு மாதம் கழித்து, பாக்குத் தோட்டத்து வங்காளி ஒருவர் கொட்டகைக்கு வந்து, "உமக்கு 1,140 ரூபாய் தரவேண்டும்" என்றார். சிற்றப்பாவின் நினைவிலோ தொள்ளாயிரம்தான் இருந்தது. அவர் மனைவி கணக்கு வைத்திருந்தாராம். அதன்பின் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் பணமாக, சிலர் தேங்காயாக, ஒருவர் புதுக் கடைக்குப் பலகை அறுத்துத் தந்து கழித்தார். வந்தவர் பாதிப்பேர். மற்றவருள் சிலர் தாய்நிலம் போய்விட்டார்கள், சிலர் மறந்தார்கள், சிலர் மறந்ததுபோல் இருந்தார்கள். ஆனால் சிற்றப்பா பட்ட கடன் எழுதியிருந்த மொத்த வணிகர் ஒருவரின் பேரேடு போர்ட் பிளேரில் நனையாமல் இருந்தது. அந்த ஒன்றரை லட்சத்தை அவர் அடைத்து முடித்தது 2010-இல்.

"அந்தக் கல்லை இப்பவும் பயன்படுத்துறீங்களா, சித்தப்பா?" என்று கேட்டோம்.

"துரு தின்ன கல்லுய்யா. ஐந்து கிலோ இப்ப ஐந்து கிலோ இருக்காது. அதுல நிறுத்தா பொய் ஆயிடும், கும்பிட மட்டும்தான்."

அன்பர்களே, இதைக் கேட்டபோது நம் நெஞ்சு ஏன் கனத்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். நம் தந்தையார் கடையை 2013-இல் மூடினார். ஊரில் பெரிய கடைகள் வந்தன; ரொக்கமுள்ளவர் அங்கே போனார்கள், கடன்காரர் மட்டும் நம் கடைக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்த நாமோ கலாசி வேலைக்கு முன்பே வந்துவிட்டோம். துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். 'கடையைப் பார்த்துக்கொள்' என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவர் மறைந்த பின் பரணில் இரண்டு பற்று நோட்டுகள் கிடைத்தன. ஓர் எழுத்தும் அழியாமல் காய்ந்த தாளில் இருந்தன. ஒருவரும் வரவில்லை. இங்கே நோட்டுக் கடலில் போயும் பாதிப்பேர் வந்தார்கள். அங்கே நோட்டுப் பத்திரமாக இருந்தும் ஒருவரும் வரவில்லை. தீவு மக்கள் நல்லவர், நம் ஊரார் தீயவர் என்று சொல்லிவிடலாமா என்று சிற்றப்பாவிடமே கேட்டோம். அவர் தலையசைத்து மறுத்தார்.

"அப்படியெல்லாம் இல்லய்யா. உங்க அப்பா கடை மூடினா, அவங்களுக்குப் பக்கத்துக் கடை இருந்தது. இங்க கப்பல் பத்து நாள் வராட்டா அவங்களுக்கு நான் வேணும்; பாக்கு விலை சரிஞ்சா எனக்கு அவங்க வேணும். ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் போக இடமில்லாத ஊரு. அதனாலதான்."

பதினோராம் நாளுக்கு முந்தின இரவு, அழைத்த காரணத்தைச் சொன்னார். அன்று தோளில் ஏறிய பிள்ளை இன்று பட்டம் பெற்று, தந்தையோடு கடையில் நிற்கிறான். பெண்கள் இருவரும் மணமாகித் தாய்நிலத்தில் இருக்கிறார்கள். "இவனை உங்க ரயில்வேயில சேர வழி சொல்லு. எனக்கு வயசு அறுபத்தெட்டு ஆச்சு. நான் பட்டது போதும், இவன் முதல் தேதி சம்பளம் வாங்கட்டும்" என்றார். தம்பி வாய் திறக்கவில்லை. சிற்றம்மை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் எளிதில் விடை சொல்ல முடியவில்லை. கடை வாழ்வின் பெருமையை எழுதுவது நமக்கு எளிது. அதில் நிற்கவேண்டியவர் நாமல்லவே. மாதச் சம்பளத்தின் நிம்மதியை உண்பவர், மற்றொருவருக்கு அதை வேண்டாமென்று சொல்ல என்ன உரிமை உண்டு? ஆகையால் இரண்டையும் சொன்னோம். தேர்வு எப்படி எழுதுவது, எத்தனை லட்சம் பேர் எழுதுகிறார்கள், தேறினாலும் எந்த மூலைக்கு அனுப்புவார்கள், எல்லாவற்றையும் விளக்கி, விண்ணப்பிக்கும் முறையையும் தாளில் எழுதிக் கொடுத்தோம். நம் தந்தையாரிடம் நாம் கேளாமல் விட்ட கேள்வியையும் தம்பியிடம் கேட்டோம்: "உனக்கு என்னடா விருப்பம்?"

"தெரியலண்ணே. கப்பல் வர்ற அன்னிக்கு இந்தக் கடைதான் வேணும்னு தோணுது. வராத அன்னிக்கு எங்கயாவது போயிடணும்னு தோணுது" என்றான்.

சிற்றப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போனா போகட்டும், இருந்தா இருக்கட்டும். அவனே சொல்லட்டும்" என்றார். அவ்வளவில் பேச்சு முடிந்தது.

மறுநாள் கப்பலேறும்போது ஒரு பொட்டலம் தந்தார்கள். தீவுப் பாக்கும் கொப்பரையும். திரும்பி வந்த முதல் தேதியில், கோல்பஜாரில் நம் வீட்டுக்கு மாதக் கணக்கில் சாமான் தரும் தமிழர் கடைக்குச் சென்று, மூன்று மாதமாக இழுத்து வந்த பாக்கியைக் கட்டினோம். அவர் நோட்டைப் புரட்டத் தொடங்குமுன்பே நாம் தொகையைச் சொன்னோம். அவர் நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கணக்கும் அந்நோட்டில் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

சென்ற வாரம் சிற்றப்பாவோடு தொலைபேசியில் பேசினோம். காற்று மிகுந்து கப்பல் நான்கு நாளாக வரவில்லையாம். தம்பி எங்கே என்று கேட்டோம்.

"கடையில இருக்கான்யா. வீட்டுக்கு ரெண்டு கிலோன்னு அவனே போர்டு எழுதி வச்சிருக்கான்" என்றார்.

தேர்வைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.